அறுப்புக்கு முந்தைய எட்டு வாரம்: செம்மறிக் குட்டி தின்பது கறியில் தெரியும் விதம்

செம்மறிக் குட்டிகளைத் தேற்றி அறுப்புக்கு விடுகிறவர்களில் பலர் தராசைத்தான் பார்க்கிறார்கள். வாரத்துக்கு எவ்வளவு எடை ஏறியது என்பதோடு கணக்கு முடிந்துவிடுகிறது. நான் குட்டிகளைத் தேற்றுவதோடு, அவற்றை உரித்துத் துண்டு போடும் வேலையையும் செய்கிறேன். தொட்டியில் என்ன போட்டேன் என்பதும் தெரியும், கத்தி வைக்கும்போது என்ன வந்தது என்பதும் தெரியும். ஒரே பட்டியில் பிறந்து ஒரே எடையில் அறுபட்ட இரண்டு குட்டிகளின் கறி இரண்டு விதமாக இருப்பதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஒன்றின் கொழுப்பு வெள்ளையாக, கெட்டியாக உட்கார்ந்திருக்கும். இன்னொன்றின் கொழுப்பு விரலில் எண்ணெய் போல ஒட்டும். ஒன்றை வெட்டி வைத்தால் மறுநாளும் சிவப்பு மாறாது. இன்னொன்று சீக்கிரமே பழுப்படித்துவிடும்.

இந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு, கடைசி ஆறு முதல் பத்து வாரத்தில் குட்டி என்ன தின்றது என்பதிலிருந்து வருகிறது. நான் எட்டு வாரம் ஒதுக்குகிறேன். கடைசி இரண்டு வாரம் தானியத்தைக் கொட்டி எடையை ஏற்றிவிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. தராசு ஏறத்தான் செய்யும். அதில் கணிசமான பங்கு வயிற்றில் நிற்கும் தீவனமும் தண்ணீரும். கறி மாறுவதற்கு அந்த அவகாசம் போதாது. தானியத்துக்கு வயிறு பழகவே அவ்வளவு நாள் ஆகிவிடும்.

கொழுப்பு சேரும் வரிசை

குட்டியின் உடம்பில் கொழுப்பு ஒரு வரிசையில்தான் நிரம்பும். முதலில் சிறுநீரகத்தையும் குடலையும் சுற்றி. அப்புறம் தசைகளுக்கு நடுவில். அதன் பிறகு தோலுக்கு அடியில். தசைக்குள்ளேயே மெல்லிய இழைகளாக ஓடும் கொழுப்பு கடைசியாகத்தான் வந்து சேரும். சமைத்த கறி வறண்டு போகாமல், மென்மையாக, ருசியாக இருக்க வேண்டுமானால் அந்தக் கடைசிக் கொழுப்பு வேண்டும். முதுகுத்தசையில் அது 4 முதல் 5 சதவீதம் இருக்கும் கறியைத்தான் சாப்பிடுகிறவர்கள் விரும்பிக் கேட்கிறார்கள். குட்டியைப் பாதியில் அறுத்தால் சிறுநீரகத்தைச் சுற்றிக் கொழுப்பு இருக்கும், தசை மட்டும் சக்கையாக இருக்கும்.

செம்மறிக் கறிக்கு உரிய வாசனை பெரும்பாலும் கொழுப்பில்தான் குடியிருக்கிறது. கொழுப்பை முழுக்கச் சீவி எடுத்துவிட்டு வெறும் தசையை வேகவைத்தால், அது எந்தப் பிராணியின் கறி என்று சொல்லப் பலரும் தடுமாறுவார்கள். அப்படியிருக்க, கொழுப்பு ஏறுகிற அதே வாரங்களில் என்ன தீவனம் உள்ளே போகிறது என்பதில் அலட்சியம் காட்டலாமா?

தோலடிக் கொழுப்புக்கு இன்னொரு வேலையும் உண்டு. உரித்த உடலைக் குளிர் அறையில் தொங்கவிடும்போது அது ஒரு போர்வையாக நிற்கிறது. கொழுப்பு மூடாத மெலிந்த உடல் மிக வேகமாகக் குளிர்ந்துவிடும். தசையின் பி.எச். அளவு (புளிப்பைக் காட்டும் எண், புளிப்பு கூடக் கூட இது குறையும்) 6க்கு மேல் இருக்கும்போதே அதன் சூடு 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால், நார்கள் சுருங்கி இறுகிக்கொள்ளும். அப்படி இறுகிய கறியை எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் பழைய பதம் வராது. மெலிந்த குட்டியின் கறி கடிபடாமல் போக இது முக்கியமான ஒரு காரணம். 12ஆவது விலாவுக்கும் 13ஆவது விலாவுக்கும் இடையில் வெட்டிப் பார்க்கும்போது, முதுகுத்தசைக்கு மேல் 3 முதல் 6 மில்லிமீட்டர் கொழுப்பு இருக்க வேண்டும். என் குறி அதுதான். அதற்கு மேல் ஏறுவதை நான்தான் சீவிக் கழிக்க வேண்டியிருக்கும், தீவனச் செலவும் வீண்.

புல்லில் தேறியதும் தானியத்தில் தேறியதும்

மேய்ச்சலில் மட்டும் தேறிய ஒரு குட்டியையும் தானியத்தில் தேறிய ஒரு குட்டியையும் உரித்து, ஒரு ராத்திரி குளிரவிட்டு, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மேய்ச்சல் குட்டியின் முதுகில் கொழுப்பு மெல்லிசாக இருக்கும். கத்தி பட்டால் பொருக்குப் பொருக்காக உடையும். தசை ஒரு சாயல் கூடுதல் கருஞ்சிவப்பு. தானியக் குட்டியில் சிறுநீரகம் இருக்கிற இடமே தெரியாமல் கொழுப்பு மூடியிருக்கும். தொடைக்கு மேல் விரலை அழுத்தினால் கொஞ்சம் குழைந்து கொடுக்கும். தசை இளஞ்சிவப்பு. நிற வித்தியாசத்துக்கு வயதும் ஒரு காரணம். மேய்ச்சலில் குட்டி மெதுவாக வளர்வதால் அதே எடைக்கு வரும்போது வயது கூடியிருக்கும், நிறைய நடந்தும் இருக்கும்.

கொழுப்பின் பதம் ஏன் மாறுகிறது? பச்சைப் புல்லில் இருக்கும் கொழுப்பு மிகவும் குறைவு, ஆனால் அதில் பாதிக்கு மேல் ஒமேகா 3 வகையைச் சேர்ந்த ஆல்ஃபா லினோலெனிக் அமிலம். ரூமன் என்கிற பெரிய வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் அதில் பெரும்பகுதியை மாற்றி ஸ்டியரிக் அமிலமாக்கிவிடும். அது கெட்டிக் கொழுப்பு. தப்பிப் போகிற சிறு பங்குதான் ஒமேகா 3 ஆகவே கறியில் வந்து சேர்கிறது. அந்தச் சிறு பங்கே தானியக் குட்டியின் கறியில் இருப்பதைவிட அதிகம். தானியத்திலோ ஒமேகா 6 வகை லினோலெயிக் அமிலம் கூடுதல். தானியத்தில் தேறும் குட்டி தன் உடம்பிலேயே ஓலெயிக் அமிலத்தை நிறையத் தயாரித்துக்கொள்வதால் கொழுப்பு இளகிய பதத்தில் இருக்கும். உடல்நலக் கண்ணோட்டத்தில் கறி கேட்கிறவர்களுக்கு மேய்ச்சல் கறியைத்தான் நான் கைகாட்டுவேன். ஆனால் அதைச் சூடாகவே சாப்பிட வேண்டும். ஆறினால் அந்தக் கெட்டிக் கொழுப்பு வாயின் மேலண்ணத்தில் படிந்துகொள்ளும்.

அடுத்தது வாசனை. இந்த விஷயத்தில் எனக்குத் தெரிந்த கொட்டில்காரர்களிடையேகூட நிறையக் குழப்பம். எல்லாவற்றையும் சேர்த்துக் கவுச்சி என்று சொல்லிவிடுகிறோம். உள்ளே இரண்டு வேறு வாடைகள் இருக்கின்றன, இரண்டுக்கும் காரணம் வேறு.

ஒன்று மேய்ச்சல் வாடை. இளம் புல்லிலும் குதிரைமசால் போன்ற பயறு வகைத் தீவனத்திலும் புரதம் அதிகம். அது ரூமனில் மிக வேகமாக உடைகிறது. அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கும் மாவுச்சத்து இல்லாவிட்டால், புரதத்தில் இருக்கும் ட்ரிப்டோஃபேன் ஸ்கேட்டோல் என்கிற பொருளாக மாறி, ரத்தத்தில் ஏறிக் கொழுப்பில் தங்கிவிடுகிறது. கொழுப்பைச் சூடாக்கும்போது மூக்கில் ஏறும் அந்தக் கொட்டில் வாசனை இதுதான். புல்லோடு ஒரு கை தானியம் கொடுத்தாலே இது குறையும், நுண்ணுயிர்களுக்குப் புரதத்தோடு சேர்த்து உடனடி எரிசக்தியும் கிடைத்துவிடுவதால். டானின் நிறைந்த துவர்ப்பான தழைகளைக் கொஞ்சம் சேர்த்தாலும் குறையும், டானின் புரதத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால். தழையை அளவோடு கொடுங்கள், அதிகம் கொடுத்தால் குட்டி தீவனமே எடுக்காது.

இன்னொன்று ஆட்டு வாடை, கிடா வாடை. இதற்குக் காரணம் 4-மெத்தில் ஆக்டனாயிக், 4-எத்தில் ஆக்டனாயிக் என்கிற கிளைத்த கொழுப்பமிலங்கள். இவற்றில் முதலாவதை ஆட்டு வாடைக்குக் காரணமாக நியூசிலாந்தில் 1975 வாக்கில் அடையாளம் கண்டார்கள். வயது ஏற ஏற இவை கூடும். காயடிக்காத கிடாவில் இன்னும் கூடும். தானியம் மிதமிஞ்சிப் போனாலும் கூடும்: ரூமனில் ப்ரோபியோனிக் அமிலம் அளவுக்கு அதிகமாக உற்பத்தியாகி, ஈரலால் முழுவதையும் சமாளிக்க முடியாமல், மிச்சம் இந்தக் கிளைத்த அமிலங்களாகக் கொழுப்பில் போய்ச் சேர்கிறது. ஆகவே, தானியம் கொடுத்தால் வாடையே போய்விடும் என்பது பாதி உண்மைதான். மேய்ச்சல் வாடை போகும். வயதான, காயடிக்காத கிடாவுக்கு வயிறு முட்ட மாவு கொடுத்தால் ஆட்டு வாடை ஏறும்.

விரலில் ஒட்டும் கொழுப்பும் இதே வழியில்தான் வருகிறது. ஸ்காட்லாந்தில் அபர்தீன் நகரத்து ரோவெட் ஆய்வு நிலையத்தில் 1970களில் குட்டிகளுக்குப் பார்லி கொடுத்துப் பார்த்தார்கள். அரைத்து உருண்டையாக்கிக் கொடுத்தபோது தோலடிக் கொழுப்பு கொழகொழவென்று ஆனது. அதே பார்லியை முழுத் தானியமாகக் கொடுத்தபோது கொழுப்பு கெட்டியாக நின்றது. முழுத் தானியத்தைக் குட்டி தானே மென்று, அசைபோட்டு, நிறைய உமிழ்நீரோடு விழுங்குகிறது. ரூமனில் புளிப்பு ஏறுவதும் மெதுவாகிறது. தேற்றும் வேலையில் எனக்குத் தெரிந்த மிக எளிய, செலவே இல்லாத வழி இதுதான்: தானியத்தை அரைக்காதீர்கள். மக்காச்சோளம், பார்லி, ஓட்ஸ் மூன்றையும் குட்டி முழுசாகவே மென்று தின்றுவிடும். சோளம், கம்பு மாதிரி சின்ன, கெட்டித் தானியம் சாணத்தில் அப்படியே வந்தால் ஒன்றிரண்டாக உடைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் வேண்டாம்.

நிறத்துக்கு வைட்டமின் ஈ. கறியைச் சிவப்பாகக் காட்டுவது மயோகுளோபின். காற்று பட்டு அது ஆக்சிஜனேற்றம் அடையும்போது பழுப்பாகிறது. தசையில் வைட்டமின் ஈ போதுமான அளவு இருந்தால் இந்த மாற்றம் தள்ளிப்போகும், கொழுப்பு காறுவதும் தள்ளிப்போகும். பச்சைப் புல்லில் இது தாராளமாக இருக்கிறது. தானியத்தில் குறைவு. வெயிலில் வெளிறக் காய்ந்த புல்லில் பெரும்பகுதி அழிந்துவிடுகிறது. பச்சையே இல்லாமல் கொட்டிலில் தேற்றுகிறவர்கள், தீவனத்தில் கிலோவுக்கு 150 முதல் 300 மில்லிகிராம் வைட்டமின் ஈ சேர்க்க வேண்டும். குறைந்தது நான்கைந்து வாரமாவது கொடுத்தால்தான் தசையில் ஏறும். அறுப்புக்கு முந்தைய நாள் ஊசி போட்டு நிறத்தைக் கொண்டுவர முடியாது.

இதையெல்லாம் பார்த்த பிறகு நான் எடுத்த முடிவு: தானியம் வேண்டும், ஆனால் பச்சையைக் கடைசி நாள்வரை நிறுத்தக் கூடாது. புல்லை மட்டும் நம்பினால் தசைக்குள் கொழுப்பு ஏறுவதற்குள் குட்டிக்கு வயது ஏறிவிடும், நல்ல மேய்ச்சல் நிலம் இருப்பவர்கள் தவிர. தானியத்தை மட்டும் நம்பினால் எடை சீக்கிரம் வரும், நிறமும் கொழுப்பின் பதமும் கெடும்.

தேற்ற ஆரம்பிக்கும் முன்

தாய்ப்பால் மறந்து, புழு நீக்கம் செய்து, ஓரளவு எலும்பும் தசையும் வளர்ந்த குட்டியைத்தான் எடுக்க வேண்டும். பெட்டை, காயடித்த கிடா, காயடிக்காத கிடா மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துவிடுங்கள். பெட்டைக்குச் சீக்கிரம் கொழுப்பு ஏறும், காயடித்தது அடுத்து, காயடிக்காதது வேகமாக வளர்ந்தாலும் கொழுப்பு தாமதம். ஒரே தொட்டியில் விட்டால் ஒன்று அளவுக்கு மேல் கொழுத்துக் கிடக்கும்போது இன்னொன்று தேறியே இருக்காது.

எந்த எடையில் அறுப்பது என்பது இனத்தைப் பொறுத்தது. சின்ன இனத்துக்குப் பெரிய இனத்தின் எடையைக் குறி வைத்தால் கொழுப்புதான் மிஞ்சும். தாய், தந்தை இரண்டின் முழு வளர்ச்சி எடைக்குச் சராசரி பாருங்கள். அதில் பாதிக்கு மேல், மூன்றில் இரண்டு பங்குக்குள் குட்டி வரும்போது பெரும்பாலும் தேறியிருக்கும். நிலைப்பல் முளைப்பதற்கு முன் முடித்துவிடுவது நல்லது. முதல் ஜோடி நிலைப்பல் பொதுவாக ஒரு வயதைத் தாண்டும்போது வரும். வயது ஏறினால் தசையைப் பிணைக்கும் கொலாஜன் இறுகிவிடும், அதைத் தீவனத்தால் இளக்க முடியாது.

துள்ளுமாரி நோய்க்கு, அதாவது குடலில் பெருகும் கிருமியின் நஞ்சால் வரும் நோய்க்கு, தடுப்பூசி கட்டாயம். தானியத்துக்கு மாறும்போது, நன்றாகத் தின்று கொழுத்த குட்டிதான் இந்த நோயில் திடீரென்று விழும். முதல் முறை போடும் குட்டிக்கு மூன்று நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை வேண்டும். இரண்டாவது தவணை முடிந்த பிறகே தானியத்தைக் கூட்டுகிறேன்.

தீவனக் கலவையும் மாற்றும் விதமும்

நான் 100 கிலோ அடர் தீவனம் கலப்பது இப்படி: முழு மக்காச்சோளம் 60 கிலோ, கடலைப் புண்ணாக்கு அல்லது சோயாப் புண்ணாக்கு 20 கிலோ, கோதுமைத் தவிடு 15 கிலோ, சுண்ணாம்புக்கல் தூள் இரண்டரை கிலோ, செம்மறிக்கு உரிய தாது உப்புக் கலவை ஒரு கிலோ, சாதா உப்பு ஒரு கிலோ, அம்மோனியம் குளோரைடு அரை கிலோ. இதில் புரதம் சுமார் 16 சதவீதம் வரும். மக்காச்சோளத்தைப் பொறுக்கித் தின்றுவிட்டுத் தவிட்டை ஒதுக்குவதில் குட்டிகள் கெட்டிக்காரர்கள். கொஞ்சம் வெல்லப்பாகுத் தண்ணீர் தெளித்துப் பிசறினால் தவிடு தானியத்தில் ஒட்டிக்கொள்ளும்.

சுண்ணாம்புத் தூளையும் அம்மோனியம் குளோரைடையும் சும்மா சேர்க்கவில்லை. தானியத்திலும் தவிட்டிலும் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. இந்த விகிதம் சரியில்லாவிட்டால் கிடாக்குட்டிகளுக்கு, குறிப்பாகக் காயடித்தவற்றுக்கு, சிறுநீர்ப்பாதையில் கல் அடைக்கும், இரண்டையும் சேர்ப்பது அதைத் தடுக்கத்தான். கால்சியம் பாஸ்பரஸைப் போல இரண்டு மடங்கு இருக்க வேண்டும். குட்டி முதுகைக் குனித்து முக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் மலச்சிக்கல் என்று நினைத்துக் காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள்.

தாது உப்பு செம்மறிக்கு உரியதுதானா என்று பொட்டலத்தைப் படித்துப் பாருங்கள். மாட்டுக்கோ பன்றிக்கோ செய்த கலவையில் தாமிரம் அதிகம் இருக்கும். செம்மறியின் ஈரல் தாமிரத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டே போய், ஒருநாள் திடீரென்று ரத்தத்தில் கொட்டிவிடும். அதில் குட்டி பிழைப்பது அரிது. கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை வாடை இருந்தால் அந்த மூட்டையே வேண்டாம்.

30 கிலோ குட்டி ஒரு நாளைக்கு ஈரம் நீங்கலாக 1.2 கிலோ அளவு தின்னும். அதில் 700 கிராம் அடர் தீவனம், மிச்சம் 500 கிராம் நார்த்தீவனம். பச்சைப் புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர் என்பதால், 500 கிராமுக்கு ஈடாக இரண்டரை கிலோ பச்சை போட வேண்டியிருக்கும். நான் பாதியைப் பச்சையாகவும் பாதியைக் காய்ந்த புல்லாகவும் கொடுக்கிறேன். நீளமான உலர்புல் இல்லாமல் தேற்றவே கூடாது. அதுதான் குட்டியை அசைபோட வைக்கிறது.

இந்த 700 கிராமுக்கு ஒரே நாளில் போகாதீர்கள். முதல் மூன்று நாள் ஒரு குட்டிக்கு 100 கிராம். அப்புறம் மூன்று நாளைக்கு ஒருமுறை 100 கிராம் கூட்டுங்கள். முழு அளவுக்கு வர மூன்று வாரம் ஆகும். அதில் அவசரம் கூடாது. தானியத்தின் மாவுச்சத்தைக் கண்டு லாக்டிக் அமிலம் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் உடனே பெருகும், அந்த அமிலத்தைத் தின்று தீர்க்கும் நுண்ணுயிர்கள் மெதுவாகத்தான் பெருகும். இடைவெளி விடாவிட்டால் ரூமனின் பி.எச். 5.5க்குக் கீழே போய், குட்டி படுத்துவிடும். தினத்தீவனத்தைக் காலை, மாலை இரண்டாகப் பிரியுங்கள். முதலில் உலர்புல், அரை மணி நேரம் கழித்துத் தானியம். பசியோடு இருக்கும் குட்டி தானியத்தின் மேல் பாய்ந்து விழாமல் இருக்க இந்த வரிசை.

தொட்டியில் குட்டிக்கு ஒரு அடி இடம் வேண்டும். இதைச் சொன்னால் சிலர் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எங்கள் கொட்டிலில் காது கிழிந்த ஒரு பெட்டைக் குட்டி, மற்றவை முட்டித் தள்ளும் என்று பயந்து எப்போதும் பின்னாலேயே நிற்கும். அதற்குக் கிடைக்க வேண்டிய பங்கை முரட்டுக் குட்டி ஒன்று சேர்த்துத் தின்னும். கணக்கில் இரண்டுக்கும் 400 கிராம்தான். ஒன்றுக்கு 200 கூடப் போயிருக்காது, இன்னொன்றுக்கு 600க்கு மேல் போயிருக்கும். அமில நோய் வருவது அந்த முரடனுக்குத்தான். தனித் தொட்டி வைத்த பிறகு இரண்டும் சீராயின.

தினமும் இரண்டு விஷயம் பார்ப்பேன். தீவனம் முடிந்து குட்டிகள் படுத்திருக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் அசைபோட்டுக்கொண்டிருக்க வேண்டும். அப்புறம் புழுக்கை. தனித்தனி உருண்டையாக இருந்தால் சரி. ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாக வந்தால் தானியத்தைக் கூட்டுவதை நிறுத்திவிட்டு அதே அளவில் இருங்கள். சாம்பல் நிறத்தில், நுரைத்து, புளித்த வாடையோடு கழிந்தால் தானியத்தைப் பாதியாகக் குறைத்து உலர்புல்லைக் கூட்டி, மருத்துவரைக் கேளுங்கள்.

சேர்ப்பதும் தவிர்ப்பதும்

ஒமேகா 3 கூட வேண்டும் என்றால் ஆளி விதை நல்ல வழி. நசுக்கிக் கொடுக்கலாம். மொத்தத் தீவனத்தில் கொழுப்பு 6 சதவீதத்தைத் தாண்டினால் ரூமனில் நார் செரிப்பது கெடும், அதனால் அளவோடு. ஒமேகா 3 கூடிய கறி சீக்கிரம் காறும் என்பதால் வைட்டமின் ஈயும் சேர்ந்தே போக வேண்டும். மீன் தூள், மீன் எண்ணெய் பக்கம் நான் போவதில்லை. ஒமேகா 3 ஏறும்தான், ஆனால் கறியில் மீன் வாடையும் ஏறும்.

முட்டைகோஸ், கடுகு, முள்ளங்கி குடும்பத்து இலைகள் கொழுப்பில் ஒரு காட்டமான வாசனையை விட்டுச் செல்லும். அவற்றைத் தின்ன குட்டிகளைக் கடைசி ஒன்றிரண்டு வாரமாவது சாதாரணப் புல்லுக்கு மாற்றிவிடுங்கள். குதிரைமசாலைக் கடைசிவரை தனியாகக் கொடுப்பதையும் தவிர்க்கலாம். புல்லோடும் தானியத்தோடும் கலந்தால் பிரச்சினை இல்லை.

தேறிவிட்டது என்பதைக் கையால் அறிவது

கண்ணை நம்பாதீர்கள், உரோமம் ஏமாற்றும். குட்டியை அமைதியாக நிற்கவைத்து, கடைசி விலாவுக்குப் பின்னால், இடுப்புக்கு முன்னால் முதுகெலும்பின் மேல் உள்ளங்கையை வையுங்கள். நடுவில் நிமிர்ந்து நிற்கும் எலும்பு முனைகளை விரலால் வருடுங்கள். பிறகு பக்கவாட்டில் நீளும் எலும்பு முனைகளுக்கு அடியில் விரல்களைக் கொடுத்துப் பாருங்கள். முனைகள் கூர்மையாகக் குத்தி, விரல் எளிதாக அடியில் நுழைந்தால் இன்னும் மெலிவு. முனைகள் மழுங்கி, லேசாக அழுத்தினால் ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டு, இடையில் தசை திரண்டு நிரம்பியிருந்தால் 5 மதிப்பெண்ணுக்கு 3. நன்றாக அழுத்தினால்தான் எலும்பு தெரிகிறது என்றால் 4, அது ஏற்கெனவே தாண்டிவிட்டது. 3 முதல் மூன்றரைக்குள் இருப்பவற்றை அறுப்புக்குப் பிரித்துவிடுங்கள். ஐந்தாவது வாரத்திலிருந்து வாரம் ஒருமுறை எல்லாக் குட்டிகளையும் இப்படித் தொட்டுப் பார்க்கிறேன். ஒரே நாளில் எல்லாம் தேறுவதில்லை. தேறியதை முதலில் அனுப்புங்கள்.

கடைசி நாள்

எட்டு வாரம் செய்ததை ஒரே நாளில் கெடுத்துவிட முடியும். அறுத்த பிறகு தசையில் இருக்கும் கிளைகோஜன் என்கிற சேமிப்புச் சர்க்கரை லாக்டிக் அமிலமாக மாறி, பி.எச். 7 அளவிலிருந்து 5.5 அல்லது 5.6க்கு இறங்க வேண்டும். அப்போதுதான் நிறமும் பதமும் வரும். குட்டியைத் துரத்தினாலோ, அறியாத ஆடுகளோடு சேர்த்து அடைத்தாலோ, நாய் விரட்டினாலோ அந்தக் கிளைகோஜன் முன்னாலேயே எரிந்துவிடும். பிறகு பி.எச். 6க்கு மேலேயே நின்றுவிடும். கறி கருத்து, பிசுபிசுத்து, சீக்கிரம் கெடும். தானியம் தின்ற குட்டியின் தசையில் கிளைகோஜன் இருப்பு நன்றாக இருக்கும், அது ஒரு காப்பு. ஆனால் ஒருமுறை தீர்ந்தால் திரும்ப ஏற நாட்கள் ஆகும்.

அதனால் முந்தைய நாள் எடை போடுவது, குளிப்பாட்டுவது, மருந்து ஊற்றுவது எதுவும் வேண்டாம். பழகிய கூட்டத்தோடேயே கொண்டுபோங்கள். 12 மணி நேரத்துக்குக் குறையாமல், 24 மணி நேரத்தைத் தாண்டாமல் தீவனத்தை நிறுத்தலாம். தண்ணீரை நிறுத்தவே கூடாது. தாகத்தோடு அறுபட்ட குட்டியின் தோல் உரிக்க வராது, எடையும் போய்விடும்.

உரித்ததை உடனே கடும் குளிரில் திணிக்காமல் முதலில் மெதுவாக ஆறவிட்டு, பிறகு 0 முதல் 4 டிகிரியில் ஐந்து நாளாவது தொங்கவிட முடிந்தால், நார்கள் தாமாகவே இளகும்.

கொழுப்பைச் சோதித்து எழுதி வைப்பது

ஒவ்வொரு கூட்டத்திலிருந்தும் ஒரு குட்டியின் முதுகுக் கொழுப்பில் கட்டைவிரல் அளவு வெட்டி எடுக்கிறேன். குளிர்ந்த நிலையில் இரண்டு விரலுக்கு நடுவே அழுத்திப் பார்ப்பேன். அப்புறம் சின்னப் பாத்திரத்தில், உப்போ மசாலாவோ எதுவும் இல்லாமல், இரண்டு கரண்டி தண்ணீரோடு மூடி வைத்துச் சூடாக்குவேன். மூடியைத் திறந்ததும் வரும் முதல் ஆவியை முகர வேண்டும். ஆறிய பிறகு முகர்ந்தால் ஒன்றும் தெரியாது. வெட்டிய முகத்தோடு ஒரு துண்டுக் கறியையும் குளிர்பெட்டியில் திறந்து வைத்து, இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் நிறம் பார்ப்பேன். நோட்டில் தீவனக் கலவைக்கு எதிரே இவற்றை எழுதி வைக்கிறேன்.

கொழுப்பு விரலில் குழைந்து ஒட்டினால் அடுத்த கூட்டத்துக்குத் தானியத்தைக் குறைத்து உலர்புல்லைக் கூட்டுங்கள், உடைத்த தானியம் கொடுத்திருந்தால் முழுசாக மாற்றுங்கள். ஆவியில் கொட்டில் வாசனை தூக்கலாக இருந்தால் பயறு வகைப் பச்சையைக் குறைத்து, புல்லோடு தானியத்தைச் சற்று முன்னாலேயே ஆரம்பியுங்கள். கிடா வாடை என்றால் வயதைக் குறையுங்கள் அல்லது காயடியுங்கள், தானியம் மிதமிஞ்சிப் போனதா என்றும் பாருங்கள். இரண்டாம் நாளே பழுப்படித்தால் பச்சை போதவில்லை. கறி வெட்டும்போதே கருத்து, கத்தியில் ஒட்டினால், குட்டியை ஏற்றி அனுப்பிய விதத்தைப் போய் விசாரியுங்கள்.